சனிக்கிழமை அடுப்பு

"தம்பி, இது கொதிக்கேக்க ஆள் பக்கத்தில நிக்காட்டி என்ன நடக்கும்?"

கேட்டவள் யோகராணி. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அது. ஸ்காபரோவில் இப்படியும் ஒரு கடை இருப்பது அவளுக்குப் போன கிழமைதான் தெரியும்.

கடைக்காரன் சுலக்சன் பளபளத்த மின்பானையைத் தட்டிக் காட்டினான். "ஒண்டும் நடக்காது அன்ரி. சூட்டை செற் பண்ணிவிட்டால் போதும். தானே கொதிக்கும், தானே நிண்டுபோம். நீங்கள் வெளியில போயிற்று வரலாம். போனுக்கு மெசேஜ் வரும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவள் முகம் இன்னும் வெளிறிப்போனது.

"இவ குக்கர் விசில் அடிச்சாலே பின்வாசலுக்கு ஓடுற ஆள்," என்று சிரித்தார் அவள் கணவர் தியாகலிங்கம். "விடும் ராணி. இனி எனக்கு ஏன் புதுச் சாமான்?"

யோகராணி சிரிக்கவில்லை. வெளியாட்களுக்கு முன்னால் மட்டும் அவருக்கு வருகிற சிரிப்பு அது என்று அவளுக்குத் தெரியும்.

பியர் காய்ச்சும் பழக்கத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் மகன் கீதன். தகர ரின்னில் வரும் தானியப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, புளிக்க விட்டால் வேலை முடிந்தது. நெடுஞ்சாலை விபத்தில் அவனைப் பறிகொடுத்த பிறகு, மிச்சம் கிடந்த ரின்களைத் தியாகலிங்கம் ஒவ்வொன்றாய்க் காய்ச்சினார். பேஸ்மென்றில் அதைக் கிண்டும்போது மட்டும்தான் மனுசன் வாய் திறந்து கதைத்தார். போன மாதம் கடைசி ரின்னும் முடிந்தது.

இனிப் பாகு வேண்டாம், தானியத்திலிருந்தே காய்ச்சுங்கோ என்று அவரை இங்கே இழுத்து வந்தவள் யோகராணிதான். சனிக்கிழமை முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத யோகராணி. கேட்டால் ஊரே சிரிக்கும்.

அவர் அடுத்த தட்டுப் பக்கம் நகர்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒருக்கால் பறிகுடுத்திட்டம் தம்பி. இன்னொருக்கால் என்னால ஏலாது. அதுதான் இவ்வளவு விசாரிக்கிறன்."

சுலக்சனின் மனம் இளகிவிட்டது. "பயப்பிடாதைங்கோ அன்ரி. இந்த எலெக்ற்றிக்தான் பாதுகாப்பு. நெருப்பே இல்லை."

அதற்குள் தியாகலிங்கம் திரும்பி வந்து மின்பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். "உது நல்லம்தான். போட்டுவிட்டு நான் கோயிலுக்கும் போயிற்று வந்திடுவன்."

ஒரு மாதமாக, சனிக்கிழமை தவறாமல், சனீஸ்வரனுக்கு விளக்கேற்றவென்று எள்ளெண்ணெய்ப் போத்தலோடு அவர் பஸ் ஏறுகிறார்.

யோகராணி மின்பானையை விட்டு விலகினாள். அவள் கண் கடையின் மூலைக்குப் போனது. அங்கே மூன்று பெரிய பானைகள், கீழே காஸ் அடுப்பு, பானைக்குப் பானை குழாய்.

"அது என்ன தம்பி?"

"அது உங்களுக்கு வேண்டாம் அன்ரி. வீட்டுக்கு வெளியில முத்தத்தில வச்சு நெருப்பில காய்ச்சிறது. ஒண்டில தண்ணி சுடவைக்கோணும். மற்றதில தானியத்தை ஊறப்போட்டு, சூடு இறங்காமப் பாக்கோணும். பிறகு வடிச்சுக் கொதிக்க விடோணும். கொஞ்சம் அசந்தால் பொங்கி ஊத்தும். வெள்ளன துவங்கினால் பொழுதுபடுமட்டும் ஆள் அங்கால இஞ்சால போக ஏலாது."

"கொஞ்ச நேரமும் ஏலாதோ?"

"ஏலாது அன்ரி."

"அப்ப உதையே தாரும்."

ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குக்கர் விசிலுக்கு ஓடுகிறவள் நெருப்பை விலைக்குக் கேட்கிறாள்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் தியாகலிங்கம்.

"இருக்கட்டும். வாற சனிக்கிழமையே துவங்குவம்."

"சனிக்கிழமை கோயில் எல்லே. விரத நாளில பியர் காய்ச்சச் சொல்லுறீரோ?"

"ஓம். ஒவ்வொரு சனிக்கிழமையும். சனீஸ்வரன் கோவிச்சால் அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்தி, பானையோடு வருகிற, கிண்டுவதற்கான மரத்துடுப்பைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார்.

"சரி. நீரும் பக்கத்தில நிக்கோணும்."

"நிப்பன்," என்றாள் யோகராணி.

போன சனிக்கிழமை அவர் மறந்து விட்டுப்போன எண்ணெய்ப் போத்தலைக் கொடுக்க ஓடி, சனம் நெரிந்த அதே பஸ்ஸில் அவளும் பின்கதவால் ஏறியிருந்தாள். கோயிலடி தாண்டியும் அவர் இறங்கவில்லை. இறங்கியது ஸ்காபரோ புளஃப்ஸில், போய் நின்றது வேலிக்கு அப்பால், ஏரிக்கு மேலே செங்குத்தாய் எழும்பிய மண்மலையின் விளிம்பில், சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு. பின்னாலேயே போன அவள், கத்திக் கூப்பிடவும் பயந்து, அவருக்குப் போன் எடுத்து, "வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவர் கன நேரம் அப்படியே நின்றுவிட்டு, குனிந்து சப்பாத்தைப் போட்டார்.