வெள்ளிக்கிழமை ஆபரேஷன்

“வெள்ளிக்கிழமை காலைல ஆறரைக்குள்ள குழந்தையை எடுத்துருங்க டாக்டர். ஜாதகம் ராஜா மாதிரி அமையுதாம்” என்றாள் சுந்தரவல்லி, கத்தரிக்காய் பேரம் பேசுகிற தோரணையில்.

பக்கத்தில் மருமகள் ஆர்த்திகா நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மகன் கிரிதரன், ஆர்த்திகாவின் மாமனார், வேன் பிடித்து வந்திறங்கிய சித்திமார்கள். டாக்டர் பாண்டிச்செல்வியின் அறையில் மூச்சுவிட இடமில்லை.

“மாட்டேன்” என்றார் டாக்டர்.

“ஏன் டாக்டர்?”

“தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. வலி வரட்டும், தானாப் பொறக்கும்.”

கிரிதரன் எழுந்தான். “பேஷண்ட் விருப்பம்னு ஒண்ணு இருக்கு டாக்டர். நெட்ல படிச்சிருக்கோம்.”

“இங்க நான் வச்சதுதான் சட்டம். யாரையும் கேக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நல்ல நேரம் பாக்கணும்னா கல்யாண மண்டபத்துக்குப் போங்க.”

அறையே கொதித்தது. ஆர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

“பாவம், பிள்ளை அழுகுது” என்றாள் ஒரு சித்தி.

“வேற ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னாலும் தாராளமாப் போங்க” என்றார் டாக்டர்.

“நிறைமாசத்துல எங்கிட்டுப் போயி அலையறது” என்றார் மாமனார். வாசல்வரை டாக்டரைத் திட்டியபடியே எல்லோரும் வேன் ஏறினார்கள்.

சனிக்கிழமை, சுத்தமான ராகு காலத்தில், பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

சுந்தரவல்லி ஜோசியருக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் முகம் மலர்ந்தது. “இது அதை விட ஒசத்தியான ஜாதகமாம். ராணியாட்டம் இருப்பாளாம்.” வார்டு முழுக்க ஜிலேபி கொடுத்தாள். டாக்டர் கையிலும் ஒன்றைத் திணித்து, “ஆனாலும் உங்களுக்கு இம்புட்டுத் திமிர் ஆகாது டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆள் நகர்ந்ததும் ஆர்த்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“போன வாரம் தனியா வந்தப்ப என்ன கேட்டேன் டாக்டர்? ‘எனக்கு ஆபரேஷன் வேணாம், அத்தைகிட்ட சொல்லப் பயமா இருக்கு, நீங்களே மாட்டேன்னு சொல்லிருங்க’ன்னுதான? அவங்களை அம்புட்டுத் திட்டினது எதுக்கு? அன்னிக்குச் சிரிப்பை அடக்க முடியல.”

பாண்டிச்செல்வி ஜிலேபியைக் கடித்தார்.

“கோவம் மொத்தமும் எம்மேல வரணும்ல. இல்லைன்னா அத்தனை பேர்ல ஒருத்தராவது உன் பக்கம் திரும்பி, ‘உனக்கு என்னம்மா வேணும்’னு கேட்டிருப்பாங்களோன்னு பயந்துட்டேன். நல்லவேளை, யாருமே கேக்கல.”