அனோஜாவுக்கு ஒரு விளக்கு

“ஏன்டி வீரம்மா, பிள்ளை இந்தக் கத்துக் கத்துறாள். ஒரு விளக்கைக் கொளுத்தி வைச்சா குறைஞ்சா போயிடுவாய்?”

வேலியை விலக்கிக்கொண்டு வந்த பக்கத்துக் குடிசை வடிவம்மா முற்றத்தில் நின்றபடியே கேட்டாள். வெளியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஓலைக் கொட்டிலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஐந்து வயது அனோஜா, “அம்மா, விளக்கு... விளக்கு வையுங்கோ அம்மா...” என்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். தாய்க்காரி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

“எண்ணெய் இல்லை அக்கா.”

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனால் அவள் வடிவம்மாவா? நேரே உள்ளே போனாள். கூரையைத் தாங்கிய கப்பில் கட்டித் தொங்கிய போத்திலைத் தடவி எடுத்து, வெளியே கொண்டுவந்து குலுக்கினாள். அரைப் போத்தில் இருந்தது.

“அப்ப இது என்ன, கிணத்துத் தண்ணியா?”

வீரம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மண்ணெண்ணெய் குதிரை விலை விற்கிற காலம்தான். வவுனியாவுக்கு இங்கால் ஒரு சொட்டு ஆமிக்காரர் வரவிடுகிறார்கள் இல்லை. கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து தருமபுரத்துக்கு வந்த சனத்தில் பாதி, பொழுது பட்டதும் இருட்டில் சாப்பிட்டு இருட்டில் படுக்கிற சனம். ஆனால் இந்தக் கொட்டிலில் மட்டும் அனோஜா படுக்கிற நேரம் குப்பி விளக்கு எரியாமல் இருந்ததில்லை. அந்த விசயத்தில் தகப்பன் ராசு ஒரே பிடிவாதம். தன்னுடைய பீடியை விட்டாலும் விடுவான், மகளை இருட்டில் படுக்க விடமாட்டான்.

“பிளேன் சுத்துது அக்கா,” என்றாள் வீரம்மா. “வெளிச்சத்தைக் கண்டா குண்டு போடுவான்.”

“ஓமோம், உன்ர குப்பி விளக்கைத் தேடித்தான் அவன் கொழும்பில இருந்து வாறான். நேற்றும் சுத்தினதுதானே. அப்ப எரிஞ்சதுதானே விளக்கு?”

“பாயில தட்டுப்பட்டா கொட்டில் எரிஞ்சிடும்.”

“சட்டியில மண்ணைப் போட்டு நடுவில வை. சட்டி இல்லையெண்டா நான் தாறன். போன மாரியில கடைசிக் கொட்டில் பெடியனைப் பாம்பு கடிச்சது மறந்துபோச்சோ? வெளிச்சம் இருந்திருந்தா தாய் கண்டிருப்பாள்.”

வடிவம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. சுற்றிப் பார்த்தாள். அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்தது.

“சமைக்கவும் இல்லையோ?”

“பிள்ளைக்குக் காலமைச் சோறு கிடந்தது, குடுத்தனான். எனக்குப் பசிக்கேல்லை.”

“இண்டைக்கு உனக்கு என்னதான் பிடிச்சது?”

“அவள் பழகட்டும் அக்கா. இனி இருட்டில படுத்துப் பழகத்தானே வேணும்.”

“பெத்தவள் கதைக்கிற கதையா இது? அஞ்சு வயசுப் பிள்ளை என்னத்தைப் பழகிறது? ஷெல் சத்தத்துக்கே அது இன்னும் பாயில மூத்திரம் பெய்யுது. உனக்குக் கல்நெஞ்சடி வீரம்மா.”

சொன்ன பிறகு, கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ என்று வடிவம்மாவுக்கே பட்டது. ஆனால் வீரம்மா கோபிக்கவில்லை. ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அதற்குள் அனோஜா எழும்பி வந்து வடிவம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம்.

“பெரியம்மா, அப்பா நிண்டா கொளுத்தித் தருவார். அப்பா எப்ப வருவார்?”

“வருவார் குஞ்சு. டிராக்டரில விறகு ஏத்தப் போன மனுசன், முல்லைத்தீவு என்ன சீமையே? நாளைக்கு வந்திடுவார். வந்த உடனே உன்ர கொம்மா செய்த வேலையை நானே சொல்லிக் குடுக்கிறன், பார்.”

வீரம்மா எழுந்தாள். வந்து வடிவம்மாவின் கையில் இருந்த போத்திலை வாங்கினாள்.

“விடுங்கோ அக்கா. நானே கொளுத்துறன்.”

குப்பி விளக்கில் எண்ணெய் விட்டாள். பாதி வெளியே சிந்தியது. நெருப்புக்குச்சி ஒன்று முறிந்தது, மற்றதும் முறிந்தது. “பார்த்தடி, நெருப்புப்பெட்டியும் சும்மா வருகுதே,” என்று வடிவம்மா முணுமுணுத்தாள். மூன்றாவது குச்சி பற்றியது.

திரியில் சுடர் ஏறியதும் அனோஜாவின் அழுகை நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பாயில் படுத்து, சீலையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, நாளைக்கும் எரியுமா?”

“எரியும் குஞ்சு. ஒவ்வொரு நாளும் எரியும். விடியவிடிய எரியும்.”

இதை முதலே செய்திருந்தால் இவ்வளவு கூத்து வந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டு வடிவம்மா புறப்பட்டாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வீரம்மா விளக்கைப் பிள்ளையிடம் கொண்டுபோகவில்லை. கொட்டிலின் மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோய், வெறும் நிலத்தைக் கையால் கூட்டிவிட்டு, அங்கே வைத்தாள்.

“அங்க ஆருக்கடி வெளிச்சம்? பிள்ளையின்ர தலைமாட்டில வையன்.”

வீரம்மா வாசலுக்கு வந்தாள். பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“அது அவர் படுக்கிற இடம் அக்கா. நீங்கள் எல்லாரும் நிவாரணம் எடுக்கப் போன நேரம் ஆக்கள் வந்து சொல்லிட்டுப் போனாங்கள், ஷெல் விழுந்ததாம், அங்கயே அடக்கமும் செய்திட்டாங்களாம். விளக்கை வைக்காமல் இருக்கிற வரைக்கும் அவர் உயிரோட இருக்கிற மாதிரி இருந்திச்சு. இனிக் கருமாதி முடியும்வரை இது அணையக்கூடாது. சத்தம் போடாதேங்கோ அக்கா, பிள்ளை நித்திரையாகட்டும். பிறகு அழுவம்.”