வந்தவர்கள் எத்தனை பேர்

லீவு கிடைத்தால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் கால் தங்காது. போன் காட்டும் வழியில் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் விளையாட்டுக்காக ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேடுவார். டப்பாவுக்குள் ஒரு குட்டி நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர்கள் தேதியையும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். அவர் எப்போதும் ‘மூன்று பேர்’ என்றுதான் எழுதுவார்: அவர், மனைவி, ஆறு வயது மகள் வாலு.

இந்த ஊருக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. பாலத்துக் கைப்பிடிக்கு அடியில் துழாவி டப்பாவை எடுத்தது வாலுதான். அவர் நோட்டைப் பிரித்தார். இன்றைய தேதி ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில், அவருடைய அதே கோணல் கையெழுத்தில், ‘இரண்டு பேர்’.

அவசரமாக அதை அடித்துவிட்டு ‘மூன்று’ என்று எழுதினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“சரியாத்தானே இருந்துச்சு? எதுக்கு அடிச்சீங்க?”

“பாப்பாவ மறந்துட்டியா?”

“எந்தப் பாப்பாங்க?” என்று சிரித்துவிட்டு அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

வாலு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, நான் எத்தனையோ தடவ கூப்பிட்டேன். அம்மா திரும்பியே பாக்கல.”

அவர் குனிந்து அவளைத் தூக்கினார். அந்த டப்பாவின் கனம்கூட இல்லை. இரண்டு கையாலும் இன்னும் இறுக்கிக்கொண்டார்.