ஒரு நாள் முழங்கால்

அடுக்குமாடி கட்டிய நிறுவனம் வார்டின் போக்குவரத்துக்குக் கொடுத்த பணத்தில் இணைப்புச் சாலை போடுவதா, ரயில் நிலையத்துக்கு லிஃப்ட் வைப்பதா? முடிவு சொல்லும் ஓட்டைப் போட, குலுக்கலில் அமுதினியின் பெயர் வந்தது. அதற்குமுன், வார்டில் யாரோ ஒருவரின் முழங்கால் வலியை அப்படியே உணரவைக்கும் பட்டையை அவள் ஒரு நாள் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். யாருடைய வலி என்று சொல்ல மாட்டார்கள்.

சாலை வந்தால் மாலை வகுப்புக்கு ஸ்கூட்டரில் நேரத்துக்குப் போகலாம். அவள் மனம் அங்கேதான் இருந்தது.

நிலையத்தின் படிக்கட்டில் கண்ணீர் முட்டியது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலை முதலில் வைத்தபோதுதான் வலி கொஞ்சம் அடங்கியது. அப்படியே ஏறியவள் பாதியில் நின்றுவிட்டாள். 'நண்டு மாதிரி ஏறாதம்மா' என்று அம்மாவைத் தினமும் கிண்டல் செய்தவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏம்மா, இந்தக் காலோடயா தினமும் வேலைக்குப் போயிட்டு வர்ற?"

"என் காலுக்கென்னடி? குதிரையாட்டம் ஓடுறேன். நீ பேசாம ரோட்டுக்கே போடு. கிளாஸுக்கு லேட்டாவுதுன்னு புலம்புற இல்ல?"

அம்மாவுக்காகப் போடுவது நியாயமா என்று அமுதினி ஓட்டுப் போடப் போகும் வழியெல்லாம் குழம்பினாள். பிறகு லிஃப்டுக்கே போட்டாள்.

"யாருக்குடி லிஃப்ட்டு?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள்.

"ஒரு நண்டுக்கு."