இருபத்தேழாம் இருக்கை

‘உங்கள் மகன் சிவோன் இன்று மூன்றாவது முறையாகத் தூங்கிவிட்டார். பெற்றோரில் ஒருவர் உடனே நேரில் வரவும்.’

மாதக் கட்டணம் கட்டி மகனைச் சேர்த்திருந்த படிப்பறையிலிருந்து வந்த குறுஞ்செய்தியை யோங்தே இரண்டு தடவை படித்தார். காலை ஷிப்டு முடிந்து, தேகு நகரப் பேருந்துப் பணிமனையில் சக ஓட்டுநர்களோடு நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ‘என் பையன் நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கவே மாட்டான்’ என்று சற்று முன்புதான் அவர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தார். இப்போது போனைக் கவிழ்த்து வைத்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பாதிக் கிண்ணத்தோடு எழுந்தார்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள்தான். இந்த நேரத்தில் படிப்பறை இருக்கை பறிபோனால் அவ்வளவுதான். அதற்குக் காத்திருப்பவர்கள் பட்டியலே முப்பது பேரைத் தாண்டும். ஒரு நாள் இருக்கை காலியாகக் கிடந்தாலும் வீட்டுக்குச் செய்தி வந்துவிடும்.

யோங்தே தன்னால் ஆனதை எல்லாம் செய்துவிட்டார். ‘நான்கு மணி நேரம் போதும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி மகன் அறைச் சுவரில் ஒட்டினார். ஒரு ஞாயிறு மதியம் அவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு, மெத்தையைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். இரவு ஒரு மணிக்குத்தான் எடுத்துக் கொடுப்பார்.

போன மாதம் காலைச் சாப்பாட்டில் சிவோனின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி, சூப் கிண்ணத்தில் விழுந்தது. மிரான் கரண்டியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. அவள் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுக்கு போன் போட்டுப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தாள். ஞாயிறு மதியம் அவள் மலைக்கோயிலில் இருப்பாள்; மகனின் தேர்வுக்காக நூறு நாள் வேண்டுதல். போனால் நூற்றெட்டுத் தடவை விழுந்து கும்பிட வேண்டும். வாரம் முழுக்க மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்று வேலை செய்கிறவள். அம்மா அங்கே முட்டி தேயக் கும்பிட, பிள்ளை இங்கே தூங்கி வழிகிறான் என்று நினைத்தபோது அவருக்கு வயிறு எரிந்தது.

படிப்பறை ஒரு வங்கிக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் எண் போட்ட காலணி அடுக்கு. இருபத்தேழில் சிவோனின் ஷூ, முனை வாசலைப் பார்க்க, ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் உதறிவிட்டுப் போகிறவன், இந்த ஒரு விஷயத்திலாவது திருந்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மேசையில் இருந்த மேலாளருக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். அந்தப் பெண்ணின் முன்னால் ஐம்பது வயது மனிதர் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் அதைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல்கள் சுட்டன. இந்தச் சீருடையையாவது கழற்றிவிட்டு வந்திருக்கலாம்.

அவள் நல்ல பெண். “மத்த நாள்ல ஒழுங்காத்தான் ஐயா படிக்கிறான்” என்று சமாதானம் சொன்னாள். “ஞாயித்துக்கிழமைதான் இப்படி. நான் மேசையைத் தட்டுனா நிமிருறான், அடுத்த நிமிஷம் தலை தொங்கிடுது.”

இனிமேல் இப்படி நடக்காது, இருக்கையை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆனால் உள்ளே யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று அவள் வழிவிட்டாள்.

உள்ளே மேசை விளக்குகள் மட்டும் எரிந்தன. தடுப்புக்குத் தடுப்பு ஒரு தலை, ஒவ்வொன்றும் புத்தகத்துக்குள் புதைந்திருந்தது. பேனா கீறுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கடைசி வரிசையில் சிவோனின் சாம்பல் நிறத் தொப்பிச்சட்டை தெரிந்தது. தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டு, முகக்கவசத்தோடு, கணக்குப் புத்தகத்தின் மேலேயே சாய்ந்து தூக்கம்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் குனிந்து, காதோரம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“சுத்தி எத்தனை பேர் படிக்கிறாங்க, பாருடா. அந்தப் பொண்ணு கால்ல விழாத குறை. வெளிய தலைகாட்ட முடியல எனக்கு. உனக்காக அங்க உங்கம்மா எத்தனை தடவை விழுந்து எழுந்துக்கிட்டு இருக்கா, தெரியுமா?”

சீரான மூச்சு மட்டும் வந்தது. அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தார்.

நரையோடிய கட்டை முடி. கன்னத்தில் புத்தக ஓரம் பதிந்த சிவப்புக் கோடு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மிரான் நிமிர்ந்து பார்த்தாள். அவரைக் கண்டதும் திடுக்கிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, முகக்கவசத்தை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தாள்.

பக்கத்துத் தடுப்புகளிலிருந்து நான்கைந்து தலைகள் திரும்பின.

“சிவோன் எங்க?” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

“கோயில்ல தூங்குறான், சிவோன் அப்பா. அங்க யாரும் மெத்தையப் பூட்டி வைக்கிறதில்ல.”