பட்டாளத்தாருக்கு ஓர் இலை

ஒரகடம் சாலையோரத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்ற சிலைக்கு, எல்லப்பனின் முகம்.

சிலை அவருடையதன்று, அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையது. முதல் உலகப் போரில், பாஸ்ராவில் மாண்ட பட்டாளத்தார் என்பது குடும்பப் பேச்சு. புகைப்படம் கிடையாது. ஆகவே சிற்பி கொள்ளுப்பேரனைப் பார்த்தே செதுக்கி, கையில் ஒரு துப்பாக்கியையும் கொடுத்துவிட்டார்.

எல்லப்பன் மறுக்கவில்லை. தொழிற்சாலைகளுக்கு நிலம் விற்று எல்லாம் வாங்கிவிட்டவருக்கு, வாங்க முடியாமல் எஞ்சியிருந்தது வீர வம்சம் ஒன்றுதான்.

போரின் நூற்றாண்டு. மறுநாள் காலை திறப்பு விழா. கல்வெட்டில் படைப்பிரிவின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதைக் கேட்டு ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதியாயிற்று.

அன்று ஆடி அமாவாசை.

மற்ற முன்னோர்களுக்குக் கூடத்தில் விளக்கேற்றிப் படைப்பார்கள். பட்டாளத்தாருக்கு மட்டும் பொழுது சாய்ந்தபின், விளக்கை அணைத்துவிட்டு, கொல்லைக் கதவருகே இலை. பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. வீட்டு மருமகள் இலையை வைத்து, "போய்ட்டாங்க, வா" என்று மெல்லச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்.

போனவர்கள் துருக்கிப் படையினர் என்பது எல்லப்பனின் விளக்கம். கொள்ளுத்தாத்தாவைக் கண்டு ஓடினார்களாம். விழா உரையிலும் அதைச் சேர்த்திருந்தார்.

மாலையில் காப்பகத்தின் பதில் வந்தது. பெரியப்பா மகன் தாண்டவராயன் உரிமையோடு பிரித்தார். கல்வெட்டில் தம் பெயரும் வர வேண்டுமென்று சண்டையிட்டு வென்றவர் அவர். படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டேய் எல்லப்பா, ஒன் கொள்ளுத்தாத்தா கப்பலே ஏறலடா. லீவுல வூட்டுக்கு வந்தவரு, திரும்பிப் போவவே இல்ல. புடிச்சிக் குடுன்னு போலீசுக்கு எழுதிக்கீறாங்க."

நேற்றுவரை அவர் 'நம்ம கொள்ளுத்தாத்தா'.

புலித்தோல் போர்த்திய கழுதையின் கதை எல்லோருக்கும் தெரியும். கத்தும்வரை கழுதையும் தன்னைப் புலியென்றே நம்பியிருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எல்லப்பன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிற்பிக்குப் போன் செய்து, விடிவதற்குள் துப்பாக்கியைக் குடையாக்க முடியுமா என்று கேட்டார்.

பட்டாளத்தார் ஓடிய ஆண்டு 1917 என்றது கடிதம். இவர்கள் இருவருக்கும் தாத்தாவான அவருடைய ஒரே மகன் பிறந்தது 1919இல். நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து விற்றவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் ஓடவில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டும், மற்றவர் கூசிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓடிப்போனவருக்கு இன்னா படையல்? எடுத்து உள்ள வை" என்றார் எல்லப்பன் மனைவியிடம்.

கன்னியம்மா விளக்கை அணைத்தாள். இலையோடு சென்று கொல்லைக் கதவைத் திறந்தாள்.

வழக்கமாக, இலையை வைத்த கையோடு சொல்லிவிடுவாள்.

அன்று, முதலில் சந்தின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.