நாற்பத்திரண்டாவது ஆள்

வந்தேறிகளைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவர் வெர்லின் காம்ப்ஸ். அவர் கேட்டபடியே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சட்டம் வந்தது. இந்த நாட்டில் இருக்கும் உரிமையைக் காகிதத்தில் காட்டினால்தான் இனி ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அன்று ஊருக்கே பன்றிக்கறி விருந்து வைத்தார்.

அடுத்த மாதம் தன்னுடைய காப்பீட்டைப் புதுப்பிக்கப் போனார்.

"பிறப்புச் சான்றிதழ் குடுங்கண்ணே," என்றாள் அலுவலகத்தில் இருந்த லோர்னா.

"எங்கம்மா என்னை வீட்டுலயே பெத்தா. சான்றிதழெல்லாம் யாரு வாங்கினா? ஆறு தலைமுறையா இந்த ஊரு நாங்க!"

"தெரியும்ணே. ஆனா சட்டம் காகிதத்தத்தானே கேக்குது?"

"நாலு நாளைக்குத்தான் இன்சுலின் இருக்கு, லோர்னா."

பக்கத்து மேசையில் குவாத்தமாலாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி தடித்த கோப்பைப் பிரித்தாள். கேட்ட காகிதமெல்லாம் அதில் இருந்தது. இரண்டே நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

வெர்லின் அதை முறைத்துப் பார்த்துவிட்டு லோர்னா பக்கம் திரும்பினார். "இந்தச் சட்டத்தால ஒருத்தனையாவது வெளியேத்தினீங்களா, இல்லையா?"

"காப்பீட்டுலேருந்து நாப்பத்தொரு பேர நீக்கியாச்சு."

அந்த நிலையிலும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! எந்த நாட்டுக்காரனுங்க?"

"எல்லாரும் இங்கயே பொறந்தவங்கதாண்ணே. நீங்க நாப்பத்திரண்டு."